முதல் பட்டத்துக்குப் பிறகு பணம் எங்கே? முதுகலை, முனைவர் ஆய்வுக்கான உதவி வழிகாட்டி

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்த பிள்ளைக்கு எங்கே உதவி கிடைக்கும் என்று கேட்டால், நம்மில் பலர் நான்கைந்து இடங்களைச் சொல்லிவிடுவோம். பள்ளி வாரியத் தலைவருக்குத் தெரியும், கோயில் தலைவருக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அக்காளுக்கும் தெரியும். ஆனால் அதே பிள்ளை முதல் பட்டத்தை நல்ல புள்ளிகளோடு முடித்து, "நான் ஆய்வு செய்து முனைவர் பட்டம் எடுக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் ஓர் அமைதி நிலவும். மேலும் மூன்று நான்கு ஆண்டுகளா, சம்பளம் இல்லாமலா, யார் கொடுப்பார்கள் என்ற கேள்விகள் அடுத்தடுத்து வரும்.

இந்த இடத்தில்தான் தோட்டப்புறத்திலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் வரும் பல நல்ல மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். பணம் அடியோடு இல்லை என்பது காரணமல்ல. முதல் பட்டத்துக்குப் பணம் வரும் வழி வேறு, ஆய்வுக்குப் பணம் வரும் வழி வேறு. முதல் பட்டத்துக்கு அமைப்புகளைத் தேடிப் போகிறோம். ஆய்வுப் படிப்பில் பணத்தின் பெரும்பகுதி விரிவுரையாளர்களின் ஆய்வு மானியங்களிலும் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலும் இருக்கிறது. அதற்குச் செய்தித்தாளில் பெரிய விளம்பரம் வருவதில்லை. கேட்டவருக்குக் கிடைக்கிறது, கேட்கத் தெரியாதவர் சொந்தக் காசில் படிக்கிறார், அல்லது படிப்பையே விட்டுவிடுகிறார்.

அந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தொகைகளும் இறுதி நாள்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் அதிகாரப்பூர்வ அகப்பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் தெரிய வேண்டியது: எந்த வகைப் படிப்பு?

முதுகலைப் படிப்பு மூன்று வகைப்படும். வகுப்புக்குப் போய்ப் பாடம் படித்துத் தேர்வு எழுதுவது ஒன்று. முழுக்க ஆய்வு செய்து ஆய்வேடு எழுதுவது இன்னொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது. விரிவுரையாளரின் மானியத்திலிருந்து வரும் உதவித்தொகை பெரும்பாலும் ஆய்வு வகையில் முழுநேரமாகப் பதிந்தவருக்கே போகிறது. பாட வகையில் சேர்ந்துவிட்டுப் பிறகு உதவித்தொகை கேட்டால், "நீங்கள் தகுதி பெறவில்லை" என்ற பதில்தான் வரும். பாரத்தை நிரப்பும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

ஆய்வு வகை முதுகலையில் சேர இளங்கலையில் பொதுவாக 2.75 சிஜிபிஏ கேட்பார்கள். அதற்குச் சற்றுக் குறைந்தவர்களுக்கும் நிபந்தனையோடு வாய்ப்பு உண்டு. 3.67 அல்லது அதற்கு மேல் எடுத்து முதல் வகுப்பில் தேறியவர், முதுகலையைத் தாண்டி நேரடியாக முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்க இடமிருக்கிறது. இறுதி முடிவு பல்கலைக்கழகத்தின் கையில்தான். இந்த வழி தெரிந்தால் இரண்டு ஆண்டுகளும் அந்த ஆண்டுகளுக்கான கட்டணமும் மிச்சம்.

இளங்கலையில் முதல் வகுப்பு எடுத்தவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பிடிபிடிஎன் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய கடன் தலைக்கு மேல் இருக்கிறதே என்று ஆய்வைத் தள்ளிப்போடும் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. விலக்கு தானாக வராது, கால வரம்புக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் கிடைத்தவுடன் பிடிபிடிஎன் கிளையில் கேளுங்கள்.

பெரிய வழி: மேற்பார்வையாளரின் மானியம்

உயர்கல்வி அமைச்சு, பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு ஆய்வு மானியங்கள் வழங்குகிறது. அவற்றில் பலரும் அறிந்தது எஃப்ஆர்ஜிஎஸ் எனப்படும் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம். விரிவுரையாளர் தம் ஆய்வுத் திட்டத்தை எழுதி விண்ணப்பிப்பார். மானியம் கிடைத்தால் அதில் ஒரு பகுதியை ஆய்வு உதவியாளரின் ஊதியத்துக்கு ஒதுக்கலாம். அந்த உதவியாளரைத்தான் ஜிஆர்ஏ என்கிறோம். அவர் அந்தத் திட்டத்தில் வேலை செய்வார். அதே வேலை அவருடைய முதுகலை அல்லது முனைவர் ஆய்வேடாகவும் அமையும். மாதந்தோறும் ஓர் உதவித்தொகை கிடைக்கும்.

இதில் விரிவுரையாளருக்கும் தேவை இருக்கிறது. மானியம் பெற்றவர் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடுவதோடு மாணவர்களைப் பட்டம் பெற வைக்கவும் வேண்டும். மானியம் கையில் வந்த பிறகு நல்ல மாணவரைத் தேடி அலையும் விரிவுரையாளர்கள் உண்டு. ஆகவே அவருக்கு எழுதுவதைப் பிச்சை கேட்பதாக நினைத்துக் கூச வேண்டாம்.

எழுதுவது எப்படி? ஒரு மின்னஞ்சல் போதும். அதில் இருக்க வேண்டியவை:

1. நீங்கள் யார், எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன பட்டம், என்ன புள்ளி. இரண்டு வரிகள்.

2. அந்த விரிவுரையாளரின் எந்த ஆய்வைப் படித்தீர்கள், அதில் எது உங்களை ஈர்த்தது. இதை எழுத அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது படித்திருக்க வேண்டும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் படித்தவுடன் தெரிந்துவிடும்.

3. உங்கள் இறுதியாண்டு ஆய்வில் என்ன செய்தீர்கள், எந்தக் கருவி அல்லது மென்பொருள் கைப்பழக்கம்.

4. ஜிஆர்ஏ இடம் இருக்கிறதா என்ற நேரடிக் கேள்வி. சுற்றி வளைக்க வேண்டாம்.

5. சுயவிவரமும் மதிப்பெண் பட்டியலும் இணைப்பாக.

ஒரு வாரம், இரண்டு வாரம் பதில் வராமல் போகலாம். அன்போடு ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். ஐந்தாறு பேருக்கு எழுதி ஒருவர் சம்மதித்தால்கூட அது நல்ல பலன்தான்.

சம்மதம் கிடைத்தவுடன் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாமல் இவற்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்:

மாதம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து? படிப்புக் கட்டணமும் அதில் சேருமா, அல்லது நான் தனியாகக் கட்ட வேண்டுமா? மானியத்தில் இன்னும் எத்தனை மாதங்கள் மீதி இருக்கின்றன? அது முடிந்த பிறகு என் படிப்பு முடியாவிட்டால் என்ன வழி?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். மானியம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதில் ஓராண்டு ஏற்கெனவே ஓடியிருக்கலாம். முனைவர் ஆய்வோ மூன்று ஆண்டுக்குக் குறையாது. பலருக்கு நான்கைத் தாண்டும். உதவித்தொகை நின்றுபோன பிறகு வரும் அந்தக் கடைசி ஓராண்டில்தான் பலர் வேலைக்குப் போய், ஆய்வேட்டை முடிக்காமலே விட்டுவிடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே அந்த ஆண்டுக்கு ஒரு திட்டம் வேண்டும். மாதந்தோறும் சிறிது சேமிப்பதோ, பகுதிநேர வகுப்பு எடுப்பதோ, வேறு மானியத்துக்கு மாறுவதோ எதுவாகவும் இருக்கலாம்.

பல்கலைக்கழகத்தின் சொந்த உதவி

மேற்பார்வையாளரிடம் மானியம் இல்லையென்றாலும் கதவு மூடிவிடவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வு மாணவர்களுக்கென்று சொந்தத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. யுஎஸ்எம்மில் ஃபெலோஷிப், யுபிஎம்மில் ஜிஆர்எஃப், யுடிஎம்மில் ஸமாலா என்று பெயர்கள் மாறும். முதல் பட்டத்தில் உயர்ந்த புள்ளி எடுத்தவர்களுக்கே பெரும்பாலும் முன்னுரிமை. இவற்றைக் கேட்க வேண்டிய இடம் உயர்பட்டக் கல்விக் கழகம். மலாயில் இன்ஸ்டிடியூட் பெங்காஜியான் சிஸ்வசா, சுருக்கமாக ஐபிஎஸ் என்பார்கள். சில பல்கலைக்கழகங்களில் வேறு பெயரில் இருக்கும்.

பயிற்சி வகுப்பு நடத்துவது, ஆய்வகத்தில் இளங்கலை மாணவர்களுக்கு உதவுவது, தேர்வுக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கும் மணிக்கணக்கில் ஊதியம் உண்டு. மாநாட்டுக்குப் போகவும் கட்டுரை வெளியிடவும் துறையிலோ புலத்திலோ சிறு நிதி இருக்கும். துறையின் நிர்வாக அலுவலகத்தில் இருப்பவரிடம் கேட்டால் தெரியும்.

அரசாங்கத் திட்டங்கள்

மைபிரெய்ன்15 என்ற திட்டத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். முதுகலைக்கு மைமாஸ்டர், முனைவர் படிப்புக்கு மைபிஎச்டி என்று இனப் பாகுபாடு இல்லாமல் மலேசியர்களுக்குக் கட்டணம் கொடுத்த திட்டம் அது. இடையில் நிறுத்தப்பட்டு, இப்போது மைபிரெய்ன் 2.0 என்ற பெயரில் திரும்பியிருக்கிறது. இடங்கள் முன்பு போல் தாராளமாக இல்லை. உயர்கல்வி அமைச்சின் உபகாரச் சம்பளப் பிரிவின் அறிவிப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

விரிவுரையாளர் ஆவதே குறிக்கோள் என்றால், அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் தம் கல்வியாளர்களை மேற்படிப்புக்கு அனுப்பும் திட்டங்கள் உண்டு. ஸ்லாப் பூமிபுத்ராக்களுக்கானது. நம்மவர்கள் ஸ்லாய் பற்றிக் கேட்க வேண்டும். நீங்கள் சேர விரும்பும் துறைத் தலைவரிடமிருந்தே இதைத் தொடங்க வேண்டும்.

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் கவனிக்க ஒரு திட்டம் இருக்கிறது. மலேசியச் செம்பனை வாரியமான எம்பிஓபி, செம்பனை தொடர்பாக முதுகலை, முனைவர் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஜிஎஸ்ஏஎஸ் என்ற உதவித் திட்டத்தை நடத்தி வருகிறது. உயிரியல், வேதியியல், பொறியியல் என்று பல துறைகளுக்கு அதில் இடமுண்டு. குலை வெட்டியவரின் பிள்ளை அந்த மரத்தையே ஆராய்ந்து பட்டம் வாங்குவதற்கு வழி இருக்கும்போது, அதை விட்டுவிடுவானேன்?

ஆசிரியர்களுக்குத் தனி வழி

நம் சமூகத்தில் முதுகலை, முனைவர் படிப்புக்குப் போகிறவர்களில் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் நிறைய. பலர் வேலை முடிந்து மாலையிலும் வார இறுதியிலும் படித்து, சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டுகிறார்கள். அதற்கு முன் இரண்டு வழிகளை முயன்று பார்க்கலாம்.

ஒன்று, எச்எல்பி எனப்படும் ஹாடியா லாத்திஹான் பெர்செகுத்துவான். பணி உறுதிப்படுத்தப்பட்ட அரசாங்க ஊழியர்களுக்கானது. தேர்வு பெற்றவருக்குப் படிப்பு விடுப்பும் உபகாரச் சம்பளமும் கிடைக்கும். ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சின் கல்வி நிதி ஆதரவுப் பிரிவு வழியாக அறிவிப்பு வரும்.

மற்றது, உபகாரச் சம்பளம் இல்லாவிட்டாலும் படிப்பு விடுப்புக் கேட்பது. முழுச் சம்பளத்தோடு, அரைச் சம்பளத்தோடு, சம்பளமில்லாமல் என்று பல வகை உண்டு. வயது, பணி ஆண்டு, ஆண்டு மதிப்பீட்டுப் புள்ளி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வயது வரம்பு இருப்பதால் "பிள்ளைகள் வளரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் வாய்ப்பு கைநழுவிவிடும். தலைமையாசிரியரின் ஆதரவுக் கடிதமும் தேவைப்படும் என்பதால் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சமூக அமைப்புகள்: எதை எதிர்பார்க்கலாம்?

நம் அமைப்புகளின் பணம் பெரும்பாலும் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேவை அதிகம், நிதி குறைவு. பாலர் பள்ளிக்கும், சிறுநீரகச் சுத்திகரிப்புக்கும், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நுழையும் பி40 மாணவருக்கும் மித்ரா கொடுத்த பிறகு, முனைவர் ஆய்வுக்கு அங்கே பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இந்தியத் தூதரகம் வழி நடக்கும் இந்திய உபகாரச் சம்பள அறநிதியும் முதல் பட்ட மாணவர்களையே நோக்கியது.

ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்ஐஇடி கல்விக் கடன் வழங்குகிறது. கடன் என்பதால் திருப்பிச் செலுத்தும் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்திருக்கக்கூடும். உறுப்பினர் குடும்பங்களுக்கான கல்வி உதவி இப்போது எந்த நிலை வரை நீள்கிறது என்று சங்கத்தில் கேளுங்கள். பழைய உறுப்பினர் அட்டை வீட்டுப் பெட்டியில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

இந்த அமைப்புகளிடம் மாத உதவித்தொகை கேட்பதைவிட, ஒரு குறிப்பிட்ட செலவுக்கு உதவி கேட்பது பலன் தரும். மடிக்கணினி, முதல் பருவக் கட்டணம், களப்பணிக்கான பயணம், மாநாட்டு விமான டிக்கெட் போன்றவை. உள்ளூர்க் கோயில் நிர்வாகம், முன்னாள் மாணவர் சங்கம், வட்டார வணிகர் ஆகியோரிடமும் இப்படிக் குறிப்பாகக் கேட்டால் கொடுக்க மனமிருக்கும். செலவுக் கணக்கையும் பிறகு அவர்களிடம் காட்டுங்கள். அடுத்த பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்கும்.

வெளிநாட்டு வாய்ப்புகள்

சிங்கப்பூர்: என்யுஎஸ், என்டியு ஆகியவற்றின் முனைவர் மாணவர்களில் பலர் ஆய்வு உபகாரச் சம்பளத்தோடு படிக்கிறார்கள். அறிவியல், பொறியியல் துறைகளுக்கு ஏ ஸ்டார் அமைப்பும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் சிங்கா விருது இருக்கிறது. கட்டணமும் மாதத் தொகையும் கிடைக்கும். படிப்பு முடிந்து அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் இதற்கு இல்லை.

இந்தியா: 1950இல் தொடங்கிய இந்தியக் கலாசார உறவுகள் மன்றம், அதாவது ஐசிசிஆர், முதல் பட்டம் முதல் முனைவர் பட்டம் வரை வெளிநாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. ஏ2ஏ என்ற இணைய வாசல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐஐடிகளில் முனைவர் ஆய்வு செய்ய ஆசியான் நாட்டவருக்கென்று 1,000 இடங்களோடு ஓர் உபகாரத் திட்டம் 2019இல் தொடங்கியது. அதன் இப்போதைய நிலையைத் தூதரகத்தில் கேளுங்கள்.

ஜப்பான்: மெக்ஸ்ட் உபகாரச் சம்பளத்துக்குக் கோலாலம்பூரிலுள்ள ஜப்பானியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம், மாதத் தொகை, விமானச் செலவு எல்லாம் அடங்கும். ஆய்வு மாணவர் பிரிவுக்கு வயது வரம்பு உண்டு.

பிரிட்டன்: சீவ்னிங் திட்டம் ஓராண்டு முதுகலைக்கானது, முனைவர் பட்டத்துக்கு அல்ல. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். முடித்தபின் இரண்டு ஆண்டுகள் நாடு திரும்பி இருக்க வேண்டும்.

அமெரிக்கா: ஃபுல்பிரைட் திட்டத்தை இங்கே 1963 முதல் இயங்கிவரும் மேசி எனப்படும் மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் கவனிக்கிறது. அது தவிர, அறிவியல் துறைகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே முனைவர் மாணவருக்குக் கட்டணத்தை நீக்கி, பாடம் நடத்தும் பணிக்கு ஊதியம் கொடுப்பது வழக்கம்.

ஜெர்மனி, வட ஐரோப்பா: முனைவர் ஆய்வாளரை ஊழியராகவே எடுத்துக்கொண்டு சம்பளம் கொடுக்கும் இடங்கள் அங்கே நிறைய. இவை உபகாரச் சம்பளப் பட்டியலில் இருக்காது. பல்கலைக்கழகத்தின் வேலை வாய்ப்புப் பக்கத்தில் இருக்கும். ஜெர்மனிக்கு டிஏஏடி அமைப்பின் உதவியும் உண்டு.

சொந்தப் பணத்தில் படிப்பவர்களுக்கு

உதவி எதுவும் அமையவில்லை என்றால் சட்டம் தரும் சலுகைகளையாவது விட்டுவிடக்கூடாது.

ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே 11 முதல் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கல்விக்கான தொகை அக்கவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து வரும். தமக்காகவும் பிள்ளைக்காகவும் எடுக்கலாம். ஆனால் பெற்றோர் ஓய்வுக்கால அரிசிப் பணத்தில் கை வைக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். மேற்பார்வையாளர் மானியம், பல்கலைக்கழக நிதி இரண்டையும் கேட்டுப் பார்த்த பிறகே இதற்கு வர வேண்டும்.

வேலை செய்துகொண்டே படிப்பவர் வருமான வரியில் தம் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு கேட்கலாம். முதுகலை, முனைவர் பட்டம் என்றால் எந்தத் துறையாக இருந்தாலும் இது பொருந்தும். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பணமில்லாத உதவியும் உதவியே

ஆய்வாளருக்கு வேண்டியது பணம் மட்டுமில்லை. மூலப்பொருள் வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும். நம் வரலாற்றையும் மொழியையும் ஆராய்பவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பவை ஏராளம்.

கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகமான அர்க்கிப் நெகாராவில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் போன்ற பிரிட்டிஷ் காலப் பதிவுகள் உள்ளன. தோட்டங்கள், தொழிலாளர் நிலைமை பற்றிய கடிதங்கள் அவற்றில் கிடைக்கும். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடலாம். அதே நூலகம் லீ கோங் சியான் ஆய்வுப் புலமைத் திட்டத்தின் வழி, தன் தொகுப்புகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களுக்கு நிதியும் தருகிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழந்தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும் உள்ளன.

அழியும் நிலையிலுள்ள பழைய ஆவணங்களைப் படமெடுத்துக் காப்பாற்ற விரும்புவோருக்கு, பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழியும் ஆவணங்கள் திட்டம் மானியம் தருகிறது. கோயில் பேரேடு, சங்கக் குறிப்பேடு, தோட்டப் பள்ளிப் பதிவேடு ஆகியவை கறையானுக்குப் போகும் முன் யாராவது இதைச் செய்ய வேண்டும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியில் நின்றுவிட்டது. அதன் பக்கங்களில் இருக்கும் நம் பாட்டன் காலத்து வாழ்க்கையை நாம் ஆராயாவிட்டால் வேறு யார் ஆராய்வார்கள்?

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவுபடுத்த வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. சமஸ்கிருதத்தை முதன்மையாக்க வேண்டும் என்ற பரிந்துரையை எதிர்த்து, தமிழுக்கே அந்த இடம் என்று சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்களும் நகரத்துக் கூலிகளும் ஆளுக்கொரு வெள்ளி என்று கொடுத்தார்கள். துறை 1956இல் தொடங்கியது. அந்த நிதி அதன் தமிழ் நூலகத்துக்குப் பயன்பட்டது. பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள் கொடுத்த பணம் அது. அந்தத் துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள்தான் 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். ஆய்வு என்பது நமக்குச் சம்பந்தமில்லாத பெரிய இடத்து விஷயம் என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பின்

பட்டம் பெற்ற இளம் ஆய்வாளர்களுக்கும் உதவிகள் உண்டு. பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டப் பிந்தைய ஆய்வாளர் பணி, விரிவுரையாளர் ஆனபின் எஃப்ஆர்ஜிஎஸ், அறிவியல் துறையினருக்கு 1993இல் அமைந்த மலேசிய டோரே அறிவியல் அறவாரியத்தின் மானியம், பெண் அறிவியலாளர்களுக்கு லோரியல் நிறுவனத்தின் ஆய்வு விருது என்று வரிசை நீளும்.

ஒப்பந்தமும் ஜாமீனும்

உபகாரச் சம்பளக் கடிதம் வந்ததும் வீட்டில் இனிப்பு வாங்குவோம். அதோடு ஓர் ஒப்பந்தமும் வரும். பல திட்டங்களில் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் அப்பாவும் தாய்மாமனும் போடுவார்கள். பிள்ளை பாதியில் நின்றாலோ, குறித்த காலத்தில் முடிக்காவிட்டாலோ, ஒப்பந்தப்படி வேலை செய்யாவிட்டாலோ, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். அது ஜாமீன் போட்டவரின் தலையிலும் விழும்.

எனவே கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களைப் படித்துப் பாருங்கள்: எத்தனை ஆண்டு பணி ஒப்பந்தம், எந்தச் சூழ்நிலையில் பணம் திரும்பக் கேட்கப்படும், நோய் அல்லது மகப்பேறு வந்தால் கால நீட்டிப்பு உண்டா, ஒரே நேரத்தில் இன்னொரு உதவி பெறலாமா. மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் அந்தப் பாரத்தைப் பிள்ளை தமிழில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். அது பிள்ளையின் கடமை.

எச்சரிக்கை

உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் முகவரிடம் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன அரசாங்க, தூதரகத் திட்டங்களுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

ஆறு மாதத்தில் முனைவர் பட்டம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தைக் கண்டால், எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பட்டம் வேலைக்கு உதவாது.

கட்டுரை வெளியிடப் பணம் கேட்கும் எல்லா இதழும் நல்ல இதழ் அல்ல. மேற்பார்வையாளரையும் நூலகரையும் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் போனால் பட்டமே பறிபோகும்.

எப்போது தொடங்குவது?

இளங்கலையின் இறுதியாண்டிலேயே தொடங்க வேண்டும். முதல் பருவத்தில் துறையையும் மேற்பார்வையாளர்களையும் தேடுங்கள். இரண்டாம் பருவத்தில் மின்னஞ்சல் அனுப்பி, பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய இரண்டு விரிவுரையாளர்களிடம் பேசி வையுங்கள். அவசரப்பட்டுப் பதிந்துவிட்டுப் பிறகு பணம் தேடாதீர்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவரை ஏற்காத திட்டங்கள் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆய்வு செய்யும் பிள்ளை சும்மா படித்துக்கொண்டிருப்பதாக எண்ண வேண்டாம். மேற்பார்வையாளரின் மானியத்தில் வேலை செய்யும் பிள்ளை உண்மையில் வேலைக்குத்தான் போகிறது. "இன்னும் முடியலையா?" என்ற கேள்வியை விட்டு, "இந்த மாதம் பணம் வந்ததா, எத்தனை அத்தியாயம் முடிந்தது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் பிள்ளை தடுமாறினால், அதுதான் உங்கள் துணை தேவைப்படும் நேரம்.